தங்கச்சி பேசின கசற்

என்னுடைய தங்கச்சி இறக்கும்போது அவளுக்கு வயது 23. ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாய். தம்பிலுவிலில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது வீட்டோடு அவளும் போய்விட்டாள். மரணச் சான்றிதழில் இதைவிடக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறது.

எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்றைக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு சாவு இல்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இல்லாமல் கரையோரம் முழுவதும் செத்தவீடு. அத்தனை பேருக்குள் ஒருத்தியைப் பற்றித் தனியாக எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொருத்தியைப் பற்றியும் யாராவது எழுதத்தான் வேண்டும். இவளைப் பற்றி எழுத எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.

நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். எனக்கும் அவளுக்கும் ஏழு வயது வித்தியாசம். 1990 ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கிய பிறகு ஒருநாள் வயலுக்குப் போன அப்பா வீட்டுக்கு வரவில்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அந்தக் கதை உங்கள் வீட்டுக் கதையாகவே தெரியும். அப்போது எனக்கு 16, அவளுக்கு 9. அம்மா நெல் அவித்துக் குற்றி விற்றா. பன்பாய் இழைத்தா. விடியமுன் அவ வெளிக்கிட்டுப் போனால் தங்கச்சியை எழுப்பி, குளிக்க வைத்து, தலை இழுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்னுடைய பொறுப்பு.

அவளுக்கு நல்ல நீளமான தலைமயிர். இடுப்புக்குக் கீழே தொங்கும். தேங்காயெண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னி முடிக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். அந்த அரை மணித்தியாலமும் அவள் வாய் மூடமாட்டாள்.

செத்தவர்களை எல்லாம் நாங்கள் நல்லவர்கள் ஆக்கிவிடுகிறோம். என் தங்கச்சி சரியான வாய்க்காரி. வீட்டிலிருந்த கோழிகளுக்கெல்லாம் தன்னுடைய ரீச்சர்மாரின் பெயரை வைத்திருந்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த ரீச்சருக்கு முன்னாலேயே அம்மா, “அந்த அறுவானைக் கலை புள்ள” என்று கோழியைப் பேர் சொல்லித் திட்ட, ரீச்சர் திகைத்துப்போய் நின்றா. சந்தைக்குப் போனால் பத்து ரூபா மரக்கறியை ஏழு ரூபாவுக்கு இறக்காமல் வரமாட்டாள். மிச்சம் பிடித்த காசுக்குக் கச்சான் வாங்கித் தின்றுவிட்டு முழு விலையையும் கணக்குச் சொல்லுவாள். என் உடுப்பைக் கேட்காமல் எடுத்துப் போடுவாள். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள். மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காதது போல மடியில் வந்து படுப்பாள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் போதும், வீட்டில் அவளைப் பிடிக்க முடியாது. குளிர்த்தி இரவுக்கு விடிய விடிய முழித்திருந்து, மற்ற நாள் வகுப்பில் நித்திரை தூங்கி அடி வாங்குவாள்.

1997இல் நான் குவைத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்பதை எங்கள் பகுதிப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிற ஊர்களில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவளுடைய மகளுக்கு என்று போகும். கோயிலில் குடி சொல்வதும் தாய்வழிதான். அதில் பெண்ணுக்கு ஒரு பலம் இருக்கிறது. புருஷன் என்ன சொன்னாலும் நிற்கிற நிலம் அவளுடையது. ஆனால் அதே வழக்கத்தால் வீடில்லாத பெண்பிள்ளையைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். தகப்பன் இல்லாத வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இரண்டு வீட்டை யார் கட்டுவது?

எனக்குக் கலியாணத்தில் பெரிய எண்ணம் இருக்கவில்லை. அதை ஒரு தியாகம் என்று ஊரில் கதைத்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எனக்குக் காசு உழைக்க விருப்பம் இருந்தது. முதல் இரண்டு வருடத்தில் அத்திவாரமும் சுவரும். பிறகு கூரை. 2001இல் நிலத்துக்குச் சீமெந்து போட்டு வீடு முடிந்தது. இரண்டு அறை, ஒரு மண்டபம், முன்னுக்கு விறாந்தை, குந்து. அம்மாவின் சீதன வளவில், கடலில் இருந்து நூற்றைம்பது மீற்றர் வராது. பிறகு எத்தனையோ பேர், “ஏன் புள்ள கடலுக்குக் கிட்டக் கட்டினீங்க?” என்று கேட்டார்கள். எங்களுக்கு இருந்த நிலம் அதுதான். அம்மாவின் அம்மா அந்த வளவில்தான் பிறந்தவ. கடலுக்குப் பயப்பட வேண்டும் என்று அந்த வளவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் பயந்ததெல்லாம் மேற்கிலிருந்து வந்த சத்தங்களுக்கு.

2002இல் தங்கச்சிக்குக் கலியாணம். நான் லீவில் வந்து நடத்தினேன். 2003இல் மகள் பிறந்தாள். 2004இல் நான் மறுபடி ஒப்பந்தம் எழுதிப் போனேன். இந்த முறை எனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டுவதற்கு.

அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்த எங்களுக்குக் கடிதத்தை விடக் கசற்தான் வரும். ஊரில் இருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். ஒரு மணித்தியாலக் கசற்றில் அம்மாவும் தங்கச்சியும் மாறி மாறிக் கதைப்பார்கள். இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்காரியின் பழைய றேடியோவில் போட்டு, சத்தத்தைக் குறைத்து, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்பேன். வளைகுடாவுக்குப் போய் வந்த பெண்கள் இதை வாசித்தால் அந்தச் சமையலறை நிலத்தின் குளிர் கூட ஞாபகம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போயா நாள். ஊரில் காலை, குவைத்தில் இன்னும் விடியவில்லை. சுமாத்திராவுக்குக் கிட்டக் கடலடியில் பூமி அதிர்ந்தபோது இலங்கையில் ஏழு மணியாக இரண்டு நிமிடம். எங்கள் கரைக்கு அலை வந்துசேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அப்போது இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை எதுவும் இருக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல் போதும், வீதிப்பக்கம் நடந்தே போயிருப்பார்கள். இருபது நிமிட நடை.

அம்மா உயிர் தப்பியதும் பிள்ளை உயிர் தப்பியதும் ஒரு முப்பத்தோராம் நாள் சடங்கால். பிரதான வீதிப் பக்கம் இருந்த எங்கள் உறவினர் வீட்டில் அன்று சடங்கு. அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டா. மச்சான் வயலில். தங்கச்சி உடுப்புத் தோய்த்துக் காயப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி நின்றிருக்கிறாள். இதுதான் அம்மா கடைசியாகக் கண்டது. வாளியும் கையுமாகக் கிணற்றடியில்.

நான் ரீவியில் கண்டேன். அறபு தெரியாவிட்டாலும் இலங்கைப் படத்தைப் போட்டுக் காட்டியபோது விளங்கியது. மூன்று நாள் எந்த நம்பருக்கும் அழைப்புப் போகவில்லை. நாலாம் நாள் அக்கரைப்பற்றில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் இருந்து மச்சான் எடுத்தார். “அக்கா” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிமிடத்துக்குக் காசு ஓடிக்கொண்டிருந்தது.

அவளைக் கண்டெடுத்தது மற்ற நாள். தாழம்பற்றைக்குப் பக்கத்தில், ஒரு முட்கம்பி வேலியில். தலைமயிர் கம்பியில் சிக்கியிருந்ததாம். கத்தரித்துத்தான் எடுத்தார்களாம். இதை எனக்குச் சொல்ல அம்மாவுக்கு ஐந்து வருடம் பிடித்தது.

அன்றைக்குச் சோற்றுப் பார்சல்களோடு அக்கரைப்பற்றில் இருந்து உழவு இயந்திரங்களில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதில் வந்த ஒரு முஸ்லிம் பெண், ஐம்பது வயது இருக்கும் என்று அம்மா சொன்னா, தங்கச்சியின் உடம்பில் துணி இல்லாததைக் கண்டு, தான் முக்காடு போட்டிருந்த மேல்துணியை எடுத்துப் போர்த்திவிட்டிருக்கிறா. போர்த்திவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் இருந்து அழுதாவாம். 1985க்கும் 1990க்கும் பிறகு எங்கள் இரண்டு பகுதிக்கும் இடையில் என்னவெல்லாம் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தையில் கூட முகம் கொடுத்துக் கதைக்காத காலம் இருந்தது. அந்த ராத்தா யார் என்று பிறகு அம்மா எத்தனையோ பேரிடம் விசாரித்தா. கிடைக்கவில்லை. தங்கச்சி அந்தத் துணியோடுதான் போனாள். இதை அந்தக் குடும்பத்தில் யாராவது வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

நான் 2005 மார்ச்சில்தான் வந்தேன். பாஸ்போட் வீட்டுக்காரரிடம். அதற்குமுன் விடவில்லை.

வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். முகாமுக்கு வருகிறவர்கள் அம்மாவிடம் போய், “பெத்த வயிறு” என்று அழுவார்கள். மச்சானிடம், “சின்ன வயசு” என்பார்கள். பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுப்பார்கள். என்னிடம், “நீங்கதான் தைரியமா இருந்து அம்மாவைப் பாக்க வேணும்” என்பார்கள். படிவங்களும் அப்படித்தான். செத்தவீட்டுச் செலவுக்கு 15,000 ரூபா, குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா, ஆளுக்கு வாரத்துக்கு 375 ரூபா நிவாரணம். எல்லாவற்றிலும் கணவன், மனைவி, தாய், தகப்பன், பிள்ளை என்று கூடு போட்டிருந்தது. அக்காவுக்குக் கூடு இல்லை. நிவாரணம் எனக்குத் தேவைப்படவில்லை, அதைச் சொல்லவில்லை. அவளுக்கு நான் யார் என்று எழுத ஒரு இடம் இருந்திருக்கலாம். ஒன்பது வயதில் இருந்து தலை இழுத்துவிட்டவள் நான்.

யுத்தத்திலும் இதே கதைதான். தம்பியை, அண்ணனை, அக்காவை இழந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? தாய்மாரின் போராட்டத்துக்குப் பின்னால் தண்ணிப் போத்தலும் குடையும் கொண்டுபோய் நிற்கிற சகோதரிகள்தான் அவர்கள். தாய்மார் ஒவ்வொருவராகக் கண்ணை மூட, படத்தைக் கையில் எடுப்பதும் அவர்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுடப்பட்ட டொக்டர் ராஜினி திராணகமவைப் பற்றி உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். மருத்துவ பீடத்தில் படிப்பித்தவ, ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர்களில் ஒருவர். 35 வயதுதான். 2005இல் அவவைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் அக்கா நிர்மலா தங்கச்சியைப் பற்றிப் பேசுகிறா. பல வருடம் பிந்தி ஒரு பயிற்சிப் பட்டறையில் அதைப் பார்த்தேன். அரசியல் எல்லாம் எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் ஒரு அக்கா தங்கச்சியைப் பற்றிச் சொல்லுவதை ஒரு மண்டபம் நிறையப் பெண்கள் சத்தமில்லாமல் இருந்து கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

தலைமயிர் விஷயத்துக்கு வருகிறேன். 2005இல் எங்கள் அம்பாறை மாவட்டத்து முகாம்களில் இருந்தவர்களிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள் என்றும், சின்னக் குழந்தைகள் எல்லோரையும்விடக் கூடுதலாக இறந்தார்கள் என்றும் அதில் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பெண்கள் வீட்டில். கையில் பிள்ளை. உடுத்திய சாரி காலைக் கட்டும். மரத்தில் ஏறிப் பழக்கமில்லை. நீச்சல் தெரியாது. கடலுக்கு நூற்றைம்பது மீற்றரில் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பதை யோசித்துப் பாருங்கள். பொடியன்மார் கரைவலைத் தோணியில் இருந்து குதித்துக் குதித்துப் பழகுவார்கள். நாங்கள் அடம்பன்கொடிக்கு இந்தப் பக்கம் நின்று ஊரி பொறுக்குவோம். பெரியபிள்ளை ஆன பிறகு அதுவும் இல்லை.

அம்மா 2019இல் சாகும்வரை பேத்திக்குத் தலைமயிர் வளர்க்க விடவில்லை. தோளுக்குக் கீழே வந்தால் கத்தரிக்கோலை எடுத்துவிடுவா. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் இரட்டைப் பின்னல், இவள் மட்டும் கட்டை மயிர். “ஏன் அம்மம்மா?” என்று கேட்டு அழுவாள். அம்மா பதில் சொன்னதில்லை.

இப்போது வீட்டுக் கதை. அலைக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு அந்த அளவைக் குறைத்தார்கள். அதற்கிடையில் எங்களுக்கு உள்பக்கமாக ஒரு குடியேற்றத்தில் வீடு கிடைத்தது. அரச காணி. பத்திரத்தைக் குடும்பத் தலைவர் பெயரில் எழுதினார்கள். குடும்பத் தலைவர் என்றால் ஆண். அப்படித்தான் மச்சானின் பெயரில் வந்தது. அம்மாவின் சீதன வளவில், என் குவைத் காசில், தங்கச்சிக்கென்று கட்டிய வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு, தங்கச்சியின் மகளுக்கு இல்லாமல் போனது.

இது எங்கள் ஒரு வீட்டில் நடந்த பிழை இல்லை. தாய்வழியாக வீடு போகிற இந்தக் கரையோரத்தில் எத்தனையோ பெண்கள் இப்படித் தங்கள் சொத்தை இழந்தார்கள். கிழக்கில் இருந்த பெண்கள் அமைப்புகள் அப்போதே கூட்டு உரிமை கேட்டுக் குரல் கொடுத்தன. அரச காணிக்குரிய 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்திருந்தது. அது 2022இல்தான் திருத்தப்பட்டது.

மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். 2007இல் மறுமணம் செய்தார். இரண்டு பொடியன்மார். அந்தப் பெண்ணும் நல்ல பிள்ளை. தங்கச்சியின் நினைவுநாளுக்குச் சமைத்துக்கொண்டு வருவாள். பத்திரத்தை மூத்த மகளுக்கு மாற்றிக் கொடுக்க மச்சான் வாயால் சம்மதித்திருக்கிறார். ஆனால் அவருக்கும் வேறு வீடில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்பதை நானும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. பெறாமகளுக்குக் கலியாணம் பேசி வருகிறார்கள். முதல் கேள்வியே, “வீடு யார் பேரில?” இப்போது நான் எனக்கென்று கட்டிய சின்ன வீட்டை அவளுக்கு எழுதுவதா, பழைய வளவில் ஒரு அத்திவாரம் போடுவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்கிறாள்: “பெரியம்மா, கடற்கரை வளவுதான் அம்மாட. அங்க கட்டுவம்.” 22 வயதுப் பிள்ளைக்குப் பயமில்லை. எனக்கு இருக்கிறது.

அவளிடம் தாயின் படம் ஒன்றுகூட இல்லை. கலியாண அல்பம், அடையாள அட்டை எல்லாம் கடலோடு போனது. உறவினர் ஒருவரின் கலியாண வீட்டுப் படத்தில் பின்வரிசையில், பாதி முகம் மறைந்து ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் நான் குவைத்தில் இருந்து கொண்டுவந்த பெட்டியில் மூன்று கசற் இருந்தது. இருபது வருடம் அதை நான் போட்டுக் கேட்கவில்லை. போட றேடியோவும் இல்லை. போன வருடம் பெறாமகள் அதைக் கண்டுபிடித்து, கல்முனையில் ஒரு கடையில் கொடுத்துக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றில் பூஞ்சணம் பிடித்து ஒன்றும் கேட்கவில்லை. மற்றது நல்லாகக் கேட்கிறது.

பெரிய விஷயம் எதுவும் அதில் இல்லை. தேங்காய் விலை ஏறிவிட்டதாம். ஆடு இரண்டு குட்டி போட்டதாம். பக்கத்து வளவுக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டாராம், அவருக்குத் தான் சொன்ன பதிலைக் குரலை மாற்றி நடித்துக் காட்டுகிறாள். நான் அனுப்பிய சட்டைத்துணி மங்கல் நிறமாம், அடுத்த முறை நல்லதாகப் பார்த்து எடுக்கட்டாம். இடையில் கோழி கத்துகிறது. அம்மா பின்னால் நின்று, “கிளி, காணும், கசற் முடியப் போகுது, எனக்கும் கொஞ்சம் விடு” என்கிறா. இவள் விடவில்லை. “அக்கா, பிள்ளை பல்லு முளைச்சு என்னைக் கடிக்கிறா. இருங்க, கேளுங்க” என்று சொல்லி ஒலிவாங்கியைப் பிள்ளையிடம் பிடிக்கிறாள். ஒரு குழந்தை மூச்சு விடுகிற சத்தம்.

பெறாமகள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். தாயின் குரலுக்காக என்று நினைத்தேன். “அது நான்தானே பெரியம்மா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். தாய் கதைப்பது இவள் கதைப்பது போலவே இருக்கிறது, அந்த இழுவையும் அந்த அவசரமும். யாரும் பழக்கிவிடவில்லை.

மூன்றாவது கசற்றில் நாடா அறுந்திருக்கிறது. கடைக்காரத் தம்பி ஒட்டிப் பார்க்கலாம், கொஞ்சம் செலவாகும், உறுதி சொல்ல மாட்டேன் என்றிருக்கிறார். ஒட்டட்டும் என்று சொல்லிவிட்டோம். வருகிற செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.